ஈரம் தின்ற இலக்கம்

உதடு நீலம் என்றார்கள்.
சாயப்பட்டறை ஆளுக்கு நீலம் ஒரு செய்தியா?
சோப்புப் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள்,
மண்ணெண்ணெய்த் துணியாலும்.
நகத்தையும் அப்படியே.
போகவில்லை.
உள்ளிருந்து ஊறிய நீலம்.

பெருந்துறை. சித்திரைக் கடைசி. இரவு ஒன்றே கால்.
நஞ்சுத் தகவல் மேசையில் நான்,
ஒரு கணினி, முனகும் மின்விசிறி,
பாதி கடித்த பன்.
மாடியிலிருந்து டாக்டர் கருணாம்பிகை:
"எடுத்த ரத்தம் சாக்லேட் கலர்ல இருக்குது.
என்னத்தைக் குடிச்சான்னு கண்டுபிடிச்சுக் குடுங்க."

கூட வந்த மேஸ்திரி பொங்கியண்ணனுக்குத்
தெரிந்தது ஒரே சொல்:
"உப்புங்."
வெயிலில் கிறுகிறுத்த ஜதுமணி
தண்ணீரில் சர்க்கரையும் உப்பும் கலக்கிக் குடித்தானாம்.
சாயப்பட்டறையில் உப்புக்கா பஞ்சம்?
தூத்துக்குடி மூட்டை சுவரோரம் ஆளுயரம்.
"ஆனா அவன் அள்ளுனது அந்த மூட்டையில்லீங்."

உப்பு என்று தட்டினேன்.
நாலு லட்சம் பதில்:
ரத்தக் கொதிப்பு, கருவாடு, ஊறுகாய்,
எங்கோ பனி மூடிய சாலை.
துணி வெளுக்கும் தூள், வாய்வழி, நீலம் என்று
இறுக்கிக் கேட்டேன்.
சுழி.

பட்டறையிலிருந்து மூட்டையின் படம் வந்தது.
கிழிந்த வாய். மங்கிய எழுத்து.
சோடியம் குளோர்...
அதற்கப்புறம் ஈரம் குடித்திருந்தது.

குளோரைடு என்றால் சோற்றுக்குப் போடுவது.
குளோரைட்டு துணியை வெளுக்கும், ரத்தத்தைக் கறுக்கும்.
குளோரேட்டு களையைக் கொல்வது.
பெயருக்குப் பின்னால் நட்சத்திரக் குறி வைத்துத் தேடினால்
மூன்றும் வந்து நிற்கின்றன
சொத்துத் தகராறுப் பங்காளிகள்போல,
ஒரே முகம், ஒரே இனிஷியல்.

பெயரை விட்டேன்.
மூட்டையின் அடியில் பதிவெண் இருந்தது:
ஏழு ஏழு ஐந்து எட்டு, கோடு,
ஒன்று, ஒரு கறை, கோடு, இரண்டு.
அந்தக் கடைசி இரண்டு சும்மா வந்ததல்ல;
மற்ற இலக்கங்களுக்கு அது காவல்.
வலமிருந்து ஒன்று, இரண்டு, மூன்று என்று பெருக்கிக் கூட்டினால்
கூட்டுத்தொகை அதில்தான் முடிய வேண்டும்.
பன் சுற்றிவந்த தாளில் போட்டேன்.
கறையை விட்டு
இரண்டு, இருபத்து நாலு, இருபது, முப்பத்தைந்து, நாற்பத்திரண்டு.
நூற்று இருபத்து மூன்று.
இரண்டில் முடிய இன்னும் ஒன்பது.
கறைக்குள் இருந்தது ஒன்பது.
குளோரைட்டு.

எண்ணைக் கொடுத்ததும் வாய் திறந்தன தளங்கள்,
ஆளுக்கொரு பேச்சு.
ஒன்று எலிக் கணக்கு வைத்திருந்தது,
எத்தனை மில்லிகிராமில் பாதி செத்தன என்று.
இன்னொன்றுக்கு ஆலைக் காற்றும் ஆற்று மீனும்தான் கவலை;
மனிதர் என்ற கட்டத்தில் "தரவு இல்லை".
அதைத் தீங்கு இல்லை என்று வாசித்துவிட
இரவு இரண்டு மணிக்கு என் கண்ணே தயார்.
கட்டுரைக் கிடங்கில், சிறுநீரகம் என்ற சொல்லைச் சேர்த்தபின்,
ஒரே ஒரு மனிதன் கிடைத்தான்.
பேரில்லை, ஊரில்லை, பத்து வரி.
ரத்தம் உடைந்தது, சிறுநீர் நின்றது, இயந்திரம் வடித்தது,
பிழைத்தான்.

எலிகளை மேசையில் விட்டுவிட்டு
அவனை மட்டும் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடினேன்.

பதினோராம் நாள்
ஜதுமணிக்குச் சிறுநீர் பிரிந்தது.
அளவுக் குடுவையைத் தூக்கிக் காட்டினார் கருணாம்பிகை,
மகள் வாங்கிய மார்க்கைக் காட்டுகிறவர்போல.
உதட்டுக்குப் பழைய நிறம்.
என்ன கேட்டு எடுத்தாய் என்றேன்.
"லுணா" என்றான்.
ஒடிசாவில் உப்புக்கு அதுதான்.

எங்கள் பட்டியலில் அந்த எண்ணுக்கு நேரே
மாற்றுப் பெயர்கள் பதினேழு,
எல்லாம் ஆங்கிலம், எல்லாம் சரி.
பதினெட்டாவதாக உப்பு.
அடுத்தது லுணா.
சேமி என்று அழுத்தினேன்.
செல்லாத எழுத்து என்றது கணினி.

மார்க்கர் பேனாவால்
திரைக்கு மேலே சுவரில் எழுதியிருக்கிறேன்.
வெள்ளையடிக்க வருகிறவர்
கேட்டுவிட்டு அடிக்கவும்.